ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவுக்கு வந்த பதில்கள்: பகிருங்கள்

மஞ்சக்குப்பத்தான்:
"தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது." ஒத்த வரி, கீழே பச்சை மையில் கையெழுத்து. வடிகால் ஏன் பாதியில் நிக்குதுன்னு கேட்ட மனுவுக்கு இதுதான் வரும். 'ஏன்'னு கேட்டாலே பிரிவு 2(எஃப்)-ஐக் காட்டிடுவாங்க. ஏற்கெனவே பதிவில் இருக்கறதுதான் தகவல். மதிப்பீடு, பணி ஆணை, எம் புக் (செஞ்ச வேலையோட அளவைப் பதியற புத்தகம்) பக்கங்கள், இறுதி பில், இதோட நகல்னு எழுதணும். நீளம், அகலம், ஆழம் மூணும் எம் புக்லதான் இருக்கும். நகல் கைக்கு வந்ததும் டேப்போட வடிகாலுக்குப் போயிடலாம்.

பாகூர் ஏரிக்கரை:
நகல் மட்டும் பத்தாதுங்க. 2(ஜே) படி வேலையையே பார்வையிடக் கேட்கலாம், போட்ட பொருளோட சான்றிட்ட மாதிரியும் கேட்கலாம். தார் ரோட்டுல ஒரு துண்டு! இதை யாருமே கேட்கறதில்ல.

பழைய தபால்:
ரெண்டு பேருமே நாள் கணக்கை விட்டுட்டீங்க. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் போட்ட நாள்லேர்ந்து நாம கட்டற நாள் வரைக்கும், அவங்க தகவல் தர வேண்டிய 30 நாள் கணக்குல சேராது. அது தெரியாம 31ஆம் நாளே மேல்முறையீடு போட்டா நிக்காது. நிஜமாவே கெடு தாண்டிட்டா 7(6) படி நகல் இலவசம். முதல் மேல்முறையீடு போட நமக்கு 30 நாள், ரெண்டாவது போட 90 நாள். ரெண்டாவது போறது தகவல் ஆணையத்துக்கு. அங்கதான் எல்லைப் பிரச்சினை: கடலூர் அலுவலகம்னா சென்னையில தமிழ்நாடு தகவல் ஆணையம், கன்னியக்கோயில் தாண்டி புதுச்சேரி அலுவலகம்னா டெல்லியில மத்திய தகவல் ஆணையம். ஒரே ரோடு ரெண்டு பக்கமும் ஓடினா மனுவும் ரெண்டா போடுங்க. 6(3) படி உரிய அலுவலகத்துக்கு அவங்களே மாத்தி அனுப்புவாங்கன்னு நம்பி உக்காராதீங்க. கட்டணமும் அப்படித்தான். தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். தபால், ரயில்வே மாதிரி மத்திய அலுவலகத்துக்கு அது செல்லாது. போஸ்டல் ஆர்டர், அதுவும் கணக்கு அலுவலர் பேருக்கு.

பாகூர் ஏரிக்கரை:
கட்டணத்தை யாரு கேட்டா?

மஞ்சக்குப்பத்தான்:
விடுங்க, உபயோகமானதுதான். ஸ்டாம்ப் ஒட்டினதும் மனுவை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்குங்க. ஸ்டாம்ப் இல்லைன்னு மனு திரும்பி வந்தா காட்ட அது ஒண்ணுதான் இருக்கும்.