கத்தரி இலையில் உட்கருவைப் பிரிக்க நொதியா, பிளேடா?

காட்பாடி மாணவி:
2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்கத்தரியை 42 டிகிரியில் வைத்து, வெப்ப அதிர்ச்சிக் காரணிப் புரதம் (சூட்டைத் தாங்கும் மரபணுக்களை இயக்குவது) சைட்டோபிளாசத்திலிருந்து உட்கருவுக்குள் போகிறதா என்று பார்க்கிறேன். இலையைத் திரவ நைட்ரஜனில் அரைத்துப் பிரித்தால், உட்கருவுக்கு அடையாளமான ஹிஸ்டோன் எச்3 புரதம் சைட்டோபிளாசப் பகுதியிலும் தெரிகிறது. வேறு வழி சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
அரைக்கும்போது உட்கருவும் சேர்ந்து உடைகிறது, அதுதான் காரணம். புரோட்டோபிளாஸ்ட், அதாவது சுவர் நீக்கிய செல், எடும்மா. செல்லுலேஸ், மேசரோசைம் என்ற நொதிகள் செல்சுவரைக் கரைத்துவிடும். அப்புறம் செல்லை மெதுவாக உடைத்தாலே உட்கரு முழுசாக வரும்.

சத்துவாச்சாரி:
இந்த ஆய்வுக்கு அது கூடவே கூடாது சார். நொதியில் இலை ஊறவே மணிக்கணக்காகும். சூட்டுக்குச் செடி சில நிமிடங்களில் மாறிவிடுகிறது. சுவரை இழப்பதே செல்லுக்குப் பெரிய அதிர்ச்சி, அதிலேயே அழுத்த மரபணுக்கள் கிளம்பிவிடும். கடைசியில் எது சூட்டால் வந்தது, எது நொதியால் வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?
தங்கச்சி, பச்சை இலையைப் பனிக்கட்டி மேல் வைத்த தட்டில், புது பிளேடால் பொடியாக நறுக்கு. கரைசலில் சுக்ரோஸும் மெக்னீசியம் குளோரைடும் வேண்டும். கத்தரி இலை சீக்கிரம் கறுக்கும் என்பதால் பிவிபி, மெர்காப்டோ எத்தனால் இரண்டையும் விடாதே. மிராகிளாத் என்ற வடிதுணியில் வடிகட்டி, மையவிலக்கியில் 1,000 ஜி விசையில் 10 நிமிடம் சுற்று.

பாலாற்றங்கரை:
சுற்றினால் அடியில் தங்குவது பச்சையாகத்தான் இருக்கும், பாதி பசுங்கணிகம். அதை உடைக்க ட்ரைட்டன் என்ற சவ்வு கரைப்பானைப் போடுவீர்கள். ட்ரைட்டன் உட்கருவின் வெளிச்சவ்வையும் கரைக்குமே!

சத்துவாச்சாரி:
கரைக்கும், உண்மைதான். அதனால் 0.5 சதவீதத்தைத் தாண்டாமல், பச்சை வெளிறும்வரை மட்டும் கழுவ வேண்டும். சுமார் 40 கிலோடால்டன் எடைக்குக் குறைந்த சிறு புரதம் முழு உட்கருவின் துளை வழியாகவே கசியும், அந்தச் சிக்கல் உங்கள் முறையிலும் இருக்கிறது. இந்தக் காரணியோ சூட்டில் மூன்று மூன்றாகச் சேர்ந்து டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும். அவ்வளவு லேசில் வெளியே வராது.

காட்பாடி மாணவி:
சைட்டோபிளாசப் பகுதியைக் காட்டும் அடையாளப் புரதமாக ஜிஏபிடிஎச் நொதி போதுமா அண்ணா?

சத்துவாச்சாரி:
வேண்டாம். சூட்டில் அதுவே உட்கருவுக்குள் போகும். பிஇபி கார்பாக்சிலேஸ் நொதியைப் பார். அதையும் ஹிஸ்டோன் எச்3-ஐயும் இரண்டு பகுதிகளிலும் சோதித்துப் பார். இதைக் காட்டாத பிரிப்பை நான் நம்பமாட்டேன்.

பாலாற்றங்கரை:
அடையாளம் விஷயத்தில் எனக்கும் அதே கருத்துதான். ஆனால் கூழாக்கிய இலையை மட்டும் நம்பி முடிவு எழுதாதேம்மா. அந்தக் காரணியை ஒளிரும் புரதத்தோடு இணைத்து, உயிருள்ள செல்லில் நுண்ணோக்கியில் பார்த்த படமும் வேண்டும். அதற்குப் புரோட்டோபிளாஸ்ட்தான் சுலபம்.

காட்பாடி மாணவி:
சரி சார். பிரிப்பதற்குப் பிளேடு, படத்துக்குப் புரோட்டோபிளாஸ்ட். ஆனால் சூடு காட்டாத புரோட்டோபிளாஸ்ட்டிலேயே புரதம் உட்கருவுக்குள் தெரிந்தால், அந்தப் படத்தைச் சேர்க்கமாட்டேன்.