ஹொட்ஸ்பொட்டில வன்ட்ரைவுக்குப் படம் ஏறுதில்லை

வடலி (கோண்டாவில்):
விண்டோஸ் 11 லப்டொப், அன்ரொயிட் போன் ஹொட்ஸ்பொட். நல்லூர்த் தேர்ப் படங்கள் 1,200, எல்லாம் றோ (கமெரா சுருக்காமல் எழுதிற பெரிய பைல்), 34 ஜிபி. வன்ட்ரைவ் (மைக்ரோசொஃப்டின்ர இணையச் சேமிப்பு) போல்டருக்க போட்டால் மீட்டர்ட் நெற்வேர்க் (டேற்றாவை அளந்து பாவிக்கவேண்டிய இணைப்பு) எண்டு சொல்லிப்போட்டு நிண்டிடுது. மீட்டர்டை நிப்பாட்டினால் ஏறுது, ஆனால் வேற ஒரு பக்கமும் திறக்காது, டேற்றாவும் கண்டபாட்டுக்குப் போகுது. வீட்டில பைபர் இல்லை. என்ன செய்யலாம்?

பனங்குருத்து:
முதல்ல மீட்டர்டைத் திரும்பப் போடுங்கோ. டேற்றாவைத் திண்டது படம் மட்டுமா இராது, விண்டோஸ் அப்டேற்றும் அந்த வாசலாலதான் வந்திருக்கும். வன்ட்ரைவுக்கு மட்டும் கதவைத் திறந்தால் காணும்: கீழ மூலையில முகில் ஐகன், பல்சக்கரம், செற்றிங்ஸ், அதில சிங்க் அன்ட் பக்கப். மீட்டர்ட் நெற்வேர்க்கில இடைநிறுத்திற சுவிச் ஒண்டு இருக்கு, அதை ஓஃப் பண்ணுங்கோ.

பக்கம் திறக்காததுக்குக் காரணம் அப்லோட் பாதை நிரம்பிறது. ஒரு பக்கத்தைக் கேட்டுப் போற சின்னக் கோரிக்கையும் அந்தப் படங்களுக்குப் பின்னால வரிசையில நிக்கும். அதே இடத்தில அட்வான்ஸ்ட் செற்றிங்ஸுக்க அப்லோட் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். வேகம் அளந்து பாருங்கோ. 5 மெகாபிற் வந்தால் 8 ஆல வகுக்க 625 கிலோபைற், அதில மூண்டில ரெண்டு பங்கு, 400 எண்டு போடுங்கோ. அந்தப் பெட்டி கேக்கிறது கிலோபைற். கனபேர் பிற்றையும் பைற்றையும் குழப்பி 5000 எண்டு அடிச்சுப்போட்டு வேலை செய்யேல்லை எண்டுவினம்.

ஹொட்ஸ்பொட் பெயரை மாத்தாதேங்கோ. மாத்தினால் விண்டோசுக்கு அது புது நெற்வேர்க், மீட்டர்டைத் திரும்பவும் போடவேணும்.

கிணத்தடி:
400 இல 34 ஜிபி ஏற 24 மணித்தியாலம் கிட்ட வேணும். இரவு டேற்றா உள்ள பக்கேஜ் எண்டால், 12 இலிருந்து விடிய 7 வரைக்கும் 10 ஜிபி ஏறும், நாலு இரவு. இரவில ஒருத்தரும் பாவிக்காட்டி வேகக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடலாம்.

முழிச்சிருக்கத் தேவையில்லை. பின்னேரம் 4 மணிக்கு வன்ட்ரைவை 8 மணித்தியாலத்துக்கு இடைநிறுத்துங்கோ, 12க்குத் தானாத் தொடங்கும். லப்டொப்பை சார்ஜில போட்டு, ஸ்லீப்பை நெவர் எண்டு மாத்துங்கோ, மூடியைச் சாத்தாதேங்கோ. போனில ஹொட்ஸ்பொட் தானா ஓஃப் ஆகிறதையும் நிப்பாட்டவேணும். போனை சிக்னல் நல்லா இருக்கிற யன்னலடியில வையுங்கோ, தலையணைக்குக் கீழ இல்லை. சூடானால் வேகம் விழும்.

வடலி:
நன்றி அண்ணை. யூஎஸ்பி வயரில குடுத்தால் கெதியா ஏறாதோ?

பனங்குருத்து:
ரவர் குடுக்கிற அப்லோட்தான் எல்லை, வயரால அது கூடாது. வைஃபை அடிக்கடி அறுந்தால் மட்டும் வயர் உதவும். ஆனால் கவனம்: யூஎஸ்பியில குடுத்தால் விண்டோஸ் அதை ஈதர்நெற் எண்டு எடுக்கும். வைஃபைக்குப் போட்ட மீட்டர்ட் அங்க செல்லாது. நெற்வேர்க் செற்றிங்ஸில ஈதர்நெற்றுக்க போய்த் தனியாப் போடவேணும்.

முருங்கை:
றோ முழுக்க ஹொட்ஸ்பொட்டில ஏத்திறதே எனக்குச் சரியாப் படேல்லை. நீளப்பக்கம் 2048 பிக்சலில ஜேபெக் எடுத்தால் ஒண்டு 1 எம்பி அளவில நிக்கும், 1,200 படமும் 1.2 ஜிபிக்குள்ள, ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிடும். ஆக்களுக்குக் காட்ட அது காணும். றோவை ரெண்டு ஹார்ட் டிஸ்க்கில வையுங்கோ, பைபர் உள்ள வீட்டுக்குப் போகேக்க ஏத்தலாம்.

படம் திருத்திற லைற்றூம் மென்பொருள் பாவிச்சால், திருத்தங்களைப் பதிஞ்சு வைக்கிற கற்றலொக்கையும் பிரிவியூ போல்டரையும் வன்ட்ரைவுக்கு வெளிய வையுங்கோ, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதுகள் மாறிக்கொண்டே இருக்கும். மாற்றங்களை எக்ஸ்எம்பியில (படத்தின்ர திருத்தக் குறிப்பு) தானா எழுதிறதும் ஓனில இருந்தால் ஜேபெக், டிஎன்ஜி (ஒரு வகை றோ) பைலுக்குள்ளேயே எழுதும். ஒரு நட்சத்திரம் குத்தினாலும் பைல் மாறும், சிங்க் திரும்பத் தொடங்கும். மற்ற றோ எண்டால் குறிப்பு பக்கத்தில ஒரு சின்ன பைலாத்தான் எழுதுப்படும், பிரச்சினை இல்லை.

இடம் காணாட்டி போல்டருக்க இருந்து படத்தை அழிக்காதேங்கோ, இணையத்தில இருக்கிற பிரதியும் அழிஞ்சிடும். வலது கிளிக்கில ஃப்ரீ அப் ஸ்பேஸ் குடுங்கோ. நீல அம்புக்குறி நிக்கிற படம் இன்னும் ஏறேல்லை. கமெராக் காட்டை ஃபோர்மற் பண்ண முன்னம் பிரவுசரில வன்ட்ரைவைத் திறந்து 1,200 உம் நிக்குதோ எண்டு எண்ணிப் பாருங்கோ.