1906-இன் 600 கெஜ ஓட்டத்தை நம் 400 மீட்டர் திடலில் எப்படி அளப்பது?

செந்தூல் பயிற்சியாளர்: 1906-இல் நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த அமெரிக்க உள்ளரங்கத் தேசியப் போட்டியைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லி, 600 கெஜம் ஓட வைக்க எண்ணம். தொடக்கக்கோடு எங்கே?

தடம் அளப்பவர், கிள்ளான் சாலை: வணக்கம் ஐயா. 600 கெஜம் = 548.64 மீ. அதாவது ஒரு முழுச் சுற்றும் 148.64 மீட்டரும். முதல் லேனில் 200 மீட்டர் ஓட்டத்தின் தொடக்கக்கோட்டிலிருந்து ஓடும் திசையில் 51.36 மீ தள்ளிக் குறியுங்கள்; அது வளைவுக்குள் விழும். நேர்கோடு போட்டால் வெளியே நிற்பவர் கூடுதலாக ஓட நேரும், வளைந்த கோடுதான் சரி. உள்விளிம்புக் கட்டை இருந்தால் அதிலிருந்து 30 செ.மீ, வெறும் கோடானால் 20 செ.மீ தள்ளி அளக்கவும். பலர் தவறுவது இங்கேதான்.

பினாங்கு வாசகர்: நேரத்தை அன்றையதோடு ஒப்பிடாதீர்கள். அன்று கையால் இயக்கிய நிறுத்துக் கடிகாரம் ஐந்தில் ஒரு விநாடி வரைதான் காட்டும். மைலுக்கு 11 சுற்று வைத்த உள்ளரங்கப் பலகைத் தடமானால் ஒரு சுற்று 160 கெஜம், சுமார் 146 மீ. 600 கெஜத்துக்கு ஏறக்குறைய நான்கு சுற்று. அத்தனை இறுக்கமான வளைவில் வேகம் குறையும், முந்த இடமிருக்காது. அதனால் முதல் வளைவுக்குள் முன்னே போய்விடுவது பாதி வெற்றி.

செந்தூல் பயிற்சியாளர்: நன்றி. நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதலையும் சேர்க்கலாமா?

தடம் அளப்பவர், கிள்ளான் சாலை: தாராளமாக. அக்காலப் போட்டி அது. இரு காலும் ஒருசேர எழும்ப வேண்டும், முன்னடி வைத்தால் செல்லாது.