ரேடியோ வண்டியும் அதில் வந்தவர்களும்

திருச்சி, பொறியியல் பிரிவு

போன மாதம் எங்கள் பழைய நண்பர் ஒருவரின் பேத்தி கல்யாணத்தில் ஆறேழு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். எல்லோரும் திருச்சி வானொலியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பாயசம் வருவதற்குள் பேச்சு ஓ.பி. வேனுக்கு, அதாவது நிலையத்துக்கு வெளியே போய் ஒலிபரப்பும் வண்டிக்கு, வந்துவிட்டது. அன்று பேசியதில் பாதியையாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. மற்ற பிரிவுகளிலும் மற்ற நிலையங்களிலும் இருந்தவர்கள் உங்கள் நினைவுகளையும் சேர்த்து எழுதுங்கள்.

கோப்புகளில் அந்த வேலைக்கு 'வெளிப்புற ஒலிபரப்பு' என்று பெயர். எங்களுக்குள் அது 'அவுட்சைடு பிராட்காஸ்ட்', சுருக்கமாக ஓ.பி.; கிராமத்துக்காரர்களுக்கு அந்த வேன் ரேடியோ வண்டி. நான் 1981இல் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தது ஒரு மெட்டடார் வேன். உள்ளே ஒரு நிலையமே இருக்கும் என்று எட்டிப் பார்ப்பார்கள். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்திருக்கும். நாலு மைக் போடக்கூடிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஸ்பேராக இன்னொன்று, ஒரு நாக்ரா டேப் ரெக்கார்டர், கேபிள் சுற்றிய உருளைகள், மைக் ஸ்டாண்டுகள், கைப்பிடியைச் சுற்றினால் மணியடிக்கும் மேக்னடோ போன், ஒரு பை நிறைய பேட்டரி செல். அப்புறம் டிரைவர் அண்ணனின் தூக்குச்சட்டி. அவ்வளவுதான்.

நேரடி ஒலிபரப்பில் சத்தம் வண்டியிலிருந்து டெலிபோன் கம்பி வழியாகத்தான் நிலையத்துக்குப் போகும். நிகழ்ச்சிக்கு ஒரு ஜோடி, எங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு ஜோடி. முதல் நாளே போய் லைனைச் சோதிக்க ஒரே சீரான ஒலி ஒன்றை (டோன்) அனுப்புவோம். அந்தப் பக்கம் கன்ட்ரோல் ரூமில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே அளவு சொல்வார்கள். தாழ்ந்த ஒலி மட்டும் நன்றாகப் போகிறது, உச்ச ஒலி மங்குகிறது என்றால் ஈக்வலைசர் வைத்துச் சரிக்கட்டுவார்கள். நாம் எப்போது தொடங்குவது என்பதற்குக் கையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் போதும். 936 கிலோஹெர்ட்ஸில் நம் நிலையத்தையே காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்போம். ஸ்டுடியோ அறிவிப்பாளர் 'இப்போது நேரடியாக' என்று சொல்லி முடித்ததும் நான் வர்ணனையாளருக்குக் கையைக் காட்டுவேன். அந்த ஒரு வினாடி இன்றைக்கும் கனவில் வருகிறது.

எங்கள் நிலையத்துக்குப் பெரிய ஓ.பி.கள் என்றால் இரண்டு. மார்கழியில் ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசி, தையில் திருவையாறு தியாகராஜர் ஆராதனை. ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் விடியலுக்கு முன்பே திறந்துவிடும். அதனால் நடுராத்திரியிலேயே மண்டபத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவோம். நம்பெருமாள் வாசலைத் தாண்டும்போது எழும் 'ரங்கா, ரங்கா' என்ற முழக்கம் மீட்டர் முள்ளைக் கடைசி வரை தள்ளும். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழிலிருந்து கையை எடுக்கவே முடியாது.

திருவையாறு வேறு மாதிரி. புஷ்ய பகுள பஞ்சமி அன்று காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கான பேர் எதிரெதிர் வரிசையாக உட்கார்ந்து, நாட்டையில் 'ஜகதானந்தகாரக' தொடங்கி ஸ்ரீராகத்தில் 'எந்தரோ மகானுபாவுலு' வரை பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் சேர்ந்து பாடுவார்கள். ஒத்திகை கிடையாது. முன்னால் நின்று நடத்துபவரும் கிடையாது. மைக்குக்குப் பக்கத்தில் கணீரென்ற சாரீரம் ஒன்று உட்கார்ந்துவிட்டால் வீட்டில் கேட்பவருக்கு அது தனிக் கச்சேரியாகிவிடும். எங்கள் சீனியர் டெக்னீஷியன் ஒருவர் முதல் நாள் மாலை காலிப் பந்தலில் நடந்து, பத்தடிக்கு ஒரு முறை நின்று கை தட்டிப் பார்ப்பார். எங்கே தகரம் அதிர்கிறது, எங்கே சத்தம் மணலில் அமுங்குகிறது என்று காதால் அளந்துவிட்டுத்தான் மைக்கை எந்த உயரத்தில் தொங்கவிடுவது என்று சொல்வார். "பாட்டைக் கேட்டு வைக்காதே தம்பி, மூச்சு விடுறதைக் கேட்டு வை" என்பார். அவர் சொன்னது புரிய எனக்கு மூன்று ஆராதனை ஆனது. எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்கும் சத்தம் ஹெட்போனில் விழுந்தால் மைக் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஒருவருடைய மூச்சு மட்டும் கேட்டால் தள்ளி வைக்க வேண்டும்.

இப்போது டிரைவர் அண்ணனுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

ஒரு கோயில் திருவிழா, ஊர் பெயர் வேண்டாம். ஒலிபரப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது இரண்டு லைனும் செத்துவிட்டன. மேக்னடோவைச் சுற்றினால் எதிர்ப்பக்கம் பதிலே இல்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. டிரைவர் அண்ணன் வேனுக்கு வெளியே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தவர், "சாயங்காலம் அந்த முக்குல பந்தக்கால் நடக் குழி தோண்டுனாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் கட்டிங் பிளேயரோடு பின்னால் ஓடினேன். கடப்பாரை பட்டுக் கேபிள் அறுந்து, மீதியும் இழுபட்டுக் கிடந்தது. மேல்தோலைச் சீவி ஜோடி ஜோடியாக முறுக்கினேன். நீளம் போதவில்லை. விட்டால் பிரிந்துகொண்டது. மேலே தூறல் வேறு.

"நீங்க மெஷின்கிட்ட போங்க, நான் புடிச்சிக்கிறேன்" என்றார். தலைத்துண்டை இரண்டாக மடித்துக் கம்பிகளுக்கு நடுவே கொடுத்து, இரண்டு கையாலும் முறுக்கைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குழி ஓரத்தில் குந்திவிட்டார். மேக்னடோ போனைச் சுற்றினால் கம்பியைத் தொட்டவருக்கு நல்ல அடி விழும். நான் ஓடிப்போய், அதைச் சுற்றாமல் ரிசீவரில் கத்திக்கொண்டே இருந்தேன். நல்லவேளை, கன்ட்ரோல் ரூமில் அதே லைனைக் காதில் வைத்துக் காத்திருந்தார்கள். "ரிங் மட்டும் பண்ணிடாதீங்க, லைன்ல ஆள் இருக்கு" என்றேன். அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி. "சரி, பண்ணல" என்றார்கள். நாற்பது நிமிடம் ஒலிபரப்பு போனது. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு முறைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முடிந்ததும் போய்ப் பார்த்தால் அண்ணனுக்கு விரல்களை நீட்ட வரவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து விரித்துவிட்டேன்.

அன்றைய பதிவேட்டில் "லைன் பழுது, சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் அவர் பெயரையும் எழுதியிருக்க வேண்டும். அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

---

திருச்சி, பண்ணை ஒலிபரப்பு

சார், நீங்கள் சொல்வது யாரை என்று படித்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் பிரிவுக்கும் அவர்தான் வண்டி ஓட்டினார்.

நான் எண்பதுகளின் நடுவில் தற்காலிக அறிவிப்பாளராக வந்தேன். 1966இல் பண்ணை ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய நிலையங்களில் திருச்சியும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல்லைத் தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் நம் ஒலிபரப்பைக் கேட்டுத்தான் நட்டார்கள் என்பதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. நான் போன காலத்திலும் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திண்ணையில் இடம் கொடுத்தார்கள். ஒரு வானொலிக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

ஊஹர் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடப்பேன். ஐந்து அங்குல ஸ்பூல், கால் மணி நேரம் ஓடும். அதற்குள் விவசாயி பேசியாக வேண்டும். வரப்பில் அருவியாகக் கொட்டுகிறவர் மைக்கை நீட்டினால் "வணக்கம், எனது பெயர்" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்துவிடுவார். அப்போது டிரைவர் அண்ணன்தான் கை கொடுப்பார். அவரும் விவசாயக் குடும்பம். பக்கத்தில் குந்திக்கொண்டு, "மேட்டூர்ல தண்ணி விட்டா உங்க வாய்க்காலுக்கு எத்தனை நாள்ல வருதுண்ணே?" என்று கேட்பார். அவ்வளவுதான், விவசாயி மைக்கை மறந்துவிடுவார். முறை வைத்துத் தண்ணீர் விடுவதிலிருந்து மாமன் மச்சான் சண்டை வரை வரும். டேப்பை எப்போது ஓடவிட வேண்டும் என்று அதில்தான் கற்றுக்கொண்டேன்.

பதிவு முடிந்ததும் போட்டுக் காட்டுவோம். ஒரத்தநாடு பக்கம் ஒரு அம்மா, தன் வீட்டுக்காரர் பேசியதை முழுவதும் கேட்டுவிட்டு, "வீட்டுல இவ்வளவு பேசுனதே இல்லையே" என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலையத்துக்கு வந்து எடிட் செய்ய உட்கார்ந்தால், கேள்வி என் குரலில் இருக்க வேண்டும் என்பதால் அண்ணன் கேட்டதையெல்லாம் பிளேடால் சாய்வாக வெட்டி எடுப்பேன். விவசாயியின் பதிலை இந்தப் பக்கம் ஒட்டிவிட்டு, என் கேள்வியை ஸ்டுடியோவில் பேசிச் சேர்ப்பேன். வெட்டிய துண்டுகள் காலடியில் பழுப்பு நிற ரிப்பனாகச் சுருண்டு கிடக்கும். 19 சென்டிமீட்டர் டேப் ஒரு வினாடி. அதில் "எத்தனை நாள்ல வருதுண்ணே" முழுசாக அடங்கிவிடும். எத்தனை முறை அதைப் பெருக்கி அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறேன். ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம் சார்.

---

சென்னை, பொறியியல் பிரிவு

எங்களுக்கு ஓ.பி. என்றால் சேப்பாக்கம்தான். கடற்கரைச் சாலையில் நிலையம், அங்கிருந்து மைதானம் அதிக தூரமில்லை, அதனால் பயணக் கதைகள் குறைவு. ஒன்று மட்டும் சொல்கிறேன்.

வர்ணனையாளர்களுக்கு உதட்டருகே பிடிக்கும் மைக். கூட்டத்தின் இரைச்சலுக்குத் தனியாக ஒரு எஃபெக்ட்ஸ் மைக்கை கேலரியைப் பார்த்து வைப்போம். 1986 செப்டம்பர் 22, ஆஸ்திரேலியாவுடன் டை ஆன டெஸ்ட். 348 எடுத்தால் வெற்றி, 347இல் நிற்கிறது. மனிந்தர் சிங்குக்கு எல்.பி.டபிள்யூ. கொடுத்ததும் ஹெட்போனில் இரைச்சல் அப்படியே நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று பதறி மீட்டரைப் பார்த்தேன். முள் லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. தோற்றோமா, இல்லையா என்று அத்தனை பேரும் யோசித்த அமைதி அது. என்னோடு இருந்த மூத்தவர் என் கையைத் தட்டி, "குறைக்காதே, கூட்டாதே, அப்படியே போகட்டும்" என்றார். அவர் இப்போது இல்லை.

---

திருச்சி, பொறியியல் பிரிவு

பண்ணை ஒலிபரப்பு அம்மா, நீங்கள் எழுதியதை டிரைவர் அண்ணனின் மகனுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். அவர்கள் லால்குடிப் பக்கம் இருக்கிறார்கள். அண்ணனுக்கு 83 வயது. நடமாட்டம் உண்டு. காதுதான் மந்தம், இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் புரிந்துகொள்கிறாராம்.

வருகிற ஞாயிறு காலை நாங்கள் மூன்று பேர் போகிறோம். நண்பர் ஒருவரிடம் ஓடுகிற நிலையில் ஒரு ஊஹர் இருக்கிறது, புது செல் போட்டு எடுத்து வருகிறார். ஸ்பூலும் இரண்டு உண்டு. நீங்களும் வந்தால் நல்லது. இந்த முறை நீங்கள் மைக்கைப் பிடியுங்கள், அவர் பேசட்டும். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்பது மணிக்கு நிற்கிறோம்.