பெயரில் ஒற்றை மேற்கோள் வந்தால் வினவல் உடையுது

கேள்வி: சுன்னாகத்துக் கடை ஒண்டுக்கு பிஎச்பி மொழியிலயும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலயும் பில் மென்பொருள். வாடிக்கையாளர் பெயரை வினவலுக்குள்ள (தரவுத்தளத்துக்கு அனுப்புற கட்டளை) அப்படியே ஒட்டுறன். டி'சில்வா எண்டு அடிச்சால் பிழை. மேற்கோளுக்கு முன்னால பின்சாய்கோடு போடுற ஆட்ஸ்லாஷஸ் காணுமோ அண்ணைமார்?

பதில் 1: காணாது தம்பி. அந்த மேற்கோள் குறியோட சரம் (எழுத்துத் தொடர்) முடிஞ்சுது எண்டு தரவுத்தளம் எடுக்கும். மிச்சம் கட்டளையாப் போகும். எஸ்கியூஎல் ஊடுருவலும் (வெளியாள் தன்ர கட்டளையைப் புகுத்திறது) இதே ஓட்டையாலதான். பிடிஓவில் (பிஎச்பியின்ர தரவுத்தள இணைப்பு வசதி) பிரிப்பேர் செய்து (வினவலை முதல்லயே தயார் பண்ணி), பெயர் வாற இடத்தில ? மட்டும் போடும். மதிப்பை, வினவலை ஓட்டுற எக்சிக்யூட்டுக்கு அணியாக (மதிப்புகளின்ர பட்டியலாக) குடும். ?-ஐச் சுற்றி மேற்கோள் போட்டால் அது வெறும் எழுத்து, எண்ணிக்கை பொருந்தேல்லை எண்டு பிழை வரும். தமிழ்ப் பெயருக்கு இணைப்புச் சரத்தில யூடிஎஃப்8எம்பி4 எண்ட எழுத்துக் குறியாக்கம் போடும்.

பதில் 2: பெயரின்ர ஒரு பகுதியை வச்சுத் தேடுற லைக்கில % குறி மதிப்போட சேரவேணும், வினவலோட இல்லை. அட்டவணை, நிரல் பெயர்களுக்கு ? வேலை செய்யாது, அனுமதிச்ச பட்டியலோட ஒப்பிட்டு எடும். எத்தனை வரி வேணும் எண்டு சொல்லுற லிமிட் இன்னொரு வில்லங்கம்: பிடிஓ மைஎஸ்கியூஎல்லுக்கு வழமையா பிரிப்பேரைத் தானே போலியாச் செய்யும், அணியில குடுத்த 20 எண்ட எண் மேற்கோளோட '20' எண்ட சரமாகிப் பிழை வரும். மதிப்பை வகையோட குடுக்கிற பைண்ட்வேல்யூவில முழு எண் வகை குடும்.

பதில் 3: 40 பொருள் பில்லுக்கு லூப்புக்குள்ள பிரிப்பேர் செய்யாதையும். வெளியில ஒருக்கால், உள்ளுக்கு எக்சிக்யூட் மட்டும். முழுதும் ஒரே டிரான்சாக்சனுக்குள்ள (எல்லாம் பதியும், இல்லாட்டி ஒண்டும் பதியாது). இல்லாட்டி கரண்ட் போனால் பாதிப் பில்தான் மிஞ்சும். அட்டவணை இனோடிபி எண்ட சேமிப்பு வகை எண்டால்தான் இது பலிக்கும்.

கேட்டவர்: மேற்கோள் சரி வந்திட்டுது. லிமிட்டிலயும் பதில் 2 சொன்ன பிழைதான் நிண்டது.