வீங்காத மின்தேக்கியையும் மாற்ற வேண்டுமா? மலிவு எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பற்றி

ஈயப்பற்று:
“எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தலை வீங்கிய மின்தேக்கியை மட்டும் மாற்றினால் போதும், வீங்காததைத் தொடுவது காசைக் கரியாக்குவது” என்று பட்டறைக்காரன் ஐயா நேற்று வேறோர் இழையில் எழுதியிருந்தார். அதைப் படித்த மாணவர் ஒருவர் அப்படியே செய்யப்போவதாக நன்றியும் சொல்லிவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். மதர்போர்டைக் கொல்கிற மின்தேக்கி பெரும்பாலும் வீங்குவதே இல்லை. பழைய மலிவுப் பெட்டிகளில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தை இரண்டு டிரான்சிஸ்டர்களால் ஆன எளிய சுற்று ஒன்று தருகிறது. அதன் முதன்மைப் பக்கத்தில், அதாவது சுவர் மின்சாரம் நுழையும் பக்கத்தில், 10 அல்லது 22 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் அளவில் சின்னஞ்சிறு மின்தேக்கி ஒன்று இருக்கும். கணினியை அணைத்தாலும் சுவர் சுவிட்சை அணைக்காதவரை இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருப்பதால், அந்த மின்தேக்கி சூடான மின்தடைக்குப் பக்கத்தில் இரவும் பகலும் வெந்து காய்ந்து போகிறது. காய்ந்தபின் சுற்றின் கட்டுப்பாடு தவறி, 5 வோல்ட்டாக நிற்க வேண்டியது மேலே ஏறுகிறது. 2009இல் என் மதர்போர்டு இப்படித்தான் போயிற்று. அன்று அந்தப் பெட்டியில் ஒரு மின்தேக்கிகூட வீங்கியிருக்கவில்லை.

பட்டறைக்காரன்:
தம்பி, நான் இருபத்தாறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் ஒரு மதர்போர்டை வைத்துக்கொண்டு என் தொழிலை எடைபோட வேண்டாம். 2000ஆம் ஆண்டை ஒட்டி, தரமற்ற மின்பகுளி ஊற்றிய மின்தேக்கிகள் உலகெங்கும் கூட்டங்கூட்டமாக வீங்கியதை என் மேசையில் பார்த்தவன் நான். கெட்டது வீங்கும். வீங்காததை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன், 22க்கு 21 காட்டியது. 21 காட்டுவதை எதற்காகக் கழற்ற வேண்டும்?

ஈயப்பற்று:
உங்கள் மல்டிமீட்டர் மிகக் குறைந்த அதிர்வெண்ணில் கொள்ளளவை மட்டுமே அளக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். பல்லாயிரம் ஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அங்கே முடிவு செய்வது உள்தடையான ஈ.எஸ்.ஆர்.; அதை 100 கிலோஹெர்ட்ஸில் அளக்கும் கருவி தனி. கொள்ளளவு ஏறக்குறைய சரியாக இருக்கும்போதே ஈ.எஸ்.ஆர். பல மடங்கு ஏறிவிடுவது உண்டு. இன்னொன்றும் சொல்கிறேன். பெரிய மின்தேக்கியின் தலையில் வெடிப்பதற்கென்றே கோடு கீறியிருப்பார்கள். அழுத்தம் கூடினால் அந்த இடம் புடைக்கும். மெலிந்த சிறு மின்தேக்கிகளின் தலையில் பெரும்பாலும் அந்தக் கோடே இருக்காது. புடைக்க இடமில்லாததைப் பார்த்து “புடைக்கவில்லை, ஆகவே நல்லது” என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பட்டறைக்காரன்:
21 காட்டியது என்றேன். அதற்குப் பதில் வரவில்லை.

வடமராட்சியான்:
இருவரும் ஆறுதலாகக் கதையுங்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்குக் கொள்ளளவி என்று பெயர். மின்தேக்கி என்று வாசிக்கும்போது எனக்கு மின்கலம்தான் நினைவுக்கு வருகிறது.

பட்டறைக்காரன்:
கொள்ளளவியும் வேண்டாம், மின்தேக்கியும் வேண்டாம். ரேடியோக் காலத்திலிருந்து எங்கள் வாயில் அது கண்டன்சர்தான். புத்தகச் சொல்லில் எழுதுகிறவர்களுக்கு ஈயம் உருகும் வாசனை தெரிந்திருக்காது.

ஈயப்பற்று:
எனக்கு ஈயத்தின் வாசனை நன்றாகவே தெரியும், ஐயா. போன மாதம் மின்விசிறி இழையிலும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் என் சொற்களைத்தான் பிடித்துக்கொண்டீர்கள். நான் அதை மறக்கவில்லை. பெயர் எதுவானாலும் வீங்காதது கெட்டிருக்கும் என்பதே என் வாதம்.

குறுக்கிணைப்பு:
நான் சென்ற வாரம் 12 வோல்ட், 5 வோல்ட் பக்கத்து மின்தேக்கிகள் எல்லாவற்றையும் மாற்றினேன். 1000 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 3300 போட்டேன், சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடையில் வாங்கினேன், ஒன்று எட்டு ரூபாய். கொள்ளளவு கூடக்கூட நல்லதுதானே?

ஈயப்பற்று:
இல்லை. வெறும் கொள்ளளவைக் கூட்டினால் பெட்டி தொடங்கும் நேரத்தில் சுமை கூடுகிறது, ஈ.எஸ்.ஆர். குறையும் என்ற உறுதியும் இல்லை. பாலிமர் வகையைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஈ.எஸ்.ஆர். மிகவும் குறைந்து, டி.எல். 494 போன்ற பழைய கட்டுப்பாட்டுச் சில்லின் பின்னூட்டமே நிலைகுலையக்கூடும். ஏறக்குறைய அதே கொள்ளளவு, அதே அல்லது சற்றுக் கூடிய வோல்ட், 105 பாகை வெப்பம் தாங்குவது, குறைந்த ஈ.எஸ்.ஆர்.: இப்படித் தேர்ந்தெடுங்கள். பானசோனிக் எஃப்.ஆர்., ரூபிகான் இசட்.எல்.எச். போன்ற வரிசைகள் இதற்கென்றே உள்ளவை. எட்டு ரூபாய்க்குக் கிடைப்பது பழைய சரக்குக்குப் புது உறை போட்டதாகவும் இருக்கலாம், அளக்காமல் போடாதீர்கள். இன்டெலின் ஏ.டி.எக்ஸ். வழிகாட்டி 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட் வரைதான் அலைவை, அதாவது மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை, அனுமதிக்கிறது. அந்த அலைவைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் கிடைத்தால் சுமை கொடுத்துப் பாருங்கள்.

பட்டறைக்காரன்:
ரிச்சி தெருவைப் பழிக்காதீர்கள். என் கடைக்கு எல்லாச் சாமானும் அங்கிருந்துதான் வருகிறது, திரும்பி வந்த பெட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கணக்கையும் பாருங்கள். நீங்கள் சொன்ன ஜப்பான் மின்தேக்கிகள் பத்தை வாங்கினால் முந்நூறு ரூபாய், என் கூலி இருநூறு. அறுநூறு ரூபாய்க்குப் புதுப் பெட்டி கிடைக்கிறது. வாடிக்கையாளர் எதைக் கேட்பார்? வீங்கிய இரண்டை மாற்றி அவர் பிள்ளையின் படிப்பை அன்றைக்கே ஓட வைப்பதுதான் என் வேலை.

ஈயப்பற்று:
கணக்கு நியாயமானது, ஆனால் நான் கேட்டது அதுவல்ல. அந்த அறுநூறு ரூபாய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள்: வடிகட்டிச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு, வெளியே 450 வாட் என்ற ஒட்டுத்தாள். அதைப் பத்து மின்தேக்கிகளால் நல்ல பெட்டியாக்க முடியாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மாற்றுவதென்று முடிவு செய்தபின் ஸ்டாண்ட்பை மின்தேக்கியை விட்டுவைப்பது தவறு. வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 105 பாகையில் 2000 மணி என்று அச்சிட்ட மின்தேக்கி, 75 பாகையில் ஓயாமல் ஓடினால் சுமார் 16,000 மணி தாங்கும். அது இரண்டு ஆண்டுகூட ஆகாது. உங்கள் கண்ணுக்கு அது அப்போதும் வீங்காமலே இருக்கும்.

வடமராட்சியான்:
அந்த மாணவர் வாசித்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதன்மைப் பக்கத்துப் பெரிய கொள்ளளவிகள் இரண்டும் சேர்ந்து 320 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். அதை வடிக்கும் மின்தடை அறுந்திருந்தால், செருகியைக் கழற்றிய பிறகும் மின்னழுத்தம் நிற்கும். மீட்டரால் அளந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

பட்டறைக்காரன்:
நான் எத்தனை முறை அடி வாங்கியவன், அதை எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

வடமராட்சியான்:
அண்ணை, நான் மாணவருக்குச் சொன்னேன்.

ஈயப்பற்று:
ஐயா, நேரான கேள்வி ஒன்று. 21 காட்டிய அந்த மின்தேக்கியின் ஈ.எஸ்.ஆர். எவ்வளவு? அந்தப் பெட்டியின் ஊதா நிற ஸ்டாண்ட்பை கம்பியில் எத்தனை வோல்ட் வந்தது? இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள்.

பட்டறைக்காரன்:
என் பட்டறையில் எதை அளக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது. அது வீங்கவில்லை, 21 காட்டியது, பெட்டி ஓடுகிறது.

ஈயப்பற்று:
என்னுடையதும் அந்த நாள் காலைவரை ஓடியது. இரண்டு எண்களுக்கும் காத்திருக்கிறேன்.