போட்டி: 'போடு'விலிருந்தா, 'போர்' என்பதிலிருந்தா?

உப்புவெளியான்:
மகளின் பள்ளிக்கூடத்து 'இல்ல மெய்வல்லுநர் போட்டி' அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "போட்டி என்றால் போர்தான், பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வேண்டாம், திறனாய்வு என்று அடித்திருக்கலாம்" என்றார். எனக்கு அது பிழையாகப் படுகிறது. 'போடு' என்பதிலிருந்து வந்தது போட்டி. பந்தயக் காசு போடுகிறோம், போட்டியும் போடுகிறோம். இதில் சண்டை எங்கே?

தமிழ்வாத்தி:
தம்பி, சண்டையும்தான் போடுகிறோம், சத்தமும் போடுகிறோம். சேர்ந்து வருவதால் ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததாக ஆகாது. வண்டி ஓட்டுபவர் ஓட்டி. அந்த வழியில் போட்டி என்றால் போடுபவர் என்றல்லவா வரவேண்டும்? தெலுங்கைப் பாருங்கள். போரு என்றால் சண்டை, போட்லாட்ட என்றால் அடிபிடி, போட்டீ என்றால் நம் போட்டியேதான். கன்னடத்தில் பைபோட்டி. என் கணிப்பில் இது போர் குடும்பத்துச் சொல், தெலுங்குப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

தட்டாதெருவான்:
திறனாய்வு என்றால் எனக்கு நூல் விமர்சனம்தான் ஞாபகம் வரும். மலையாளத்தில் போட்டிக்கு மத்சரம் என்கிறார்கள். அதே வேரில் வந்த மாச்சரியம் நமக்குப் பொறாமை. எந்தச் சொல்லை எடுத்தாலும் கொஞ்சம் கறை இருக்கும்.

உப்புவெளியான்:
சரி சேர், இலக்கணத்தில் விட்டுத்தருகிறேன். ஆனால் அப்படியென்றால் நண்பர் சொன்னது சரியாகிவிடுமே. 1983இலிருந்து 2009 வரை திருகோணமலையில் போர் என்றால் என்னவென்று பார்த்த குடும்பம் எங்களுடையது. அந்தச் சொல்லை மைதானத்துக்குள் விட மனம் வரவில்லை.

நிலாவெளி அக்கா:
தம்பி, அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் துவக்கு வருவதற்கு முன்பே போர் என்ற சொல் இருந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு எங்கள் ஒழுங்கையில் போர்த்தேங்காய் அடிப்பார்கள். அப்பா ஒவ்வொரு காயாகச் சுண்டிப் பார்த்து, ஓடு தடித்ததைத் தேடி எடுப்பார். எதிராளியின் காயை நிலத்தில் வைத்து, தன் காயால் ஓங்கி ஒரே அடி. உடைந்த காய் யாருடையதோ அவர் தோற்றார். அந்தத் தேங்காய் அன்றைக்கே சொதிக்குப் போய்விடும். தோற்றவரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அதுவும் போர்தான்.

தமிழ்வாத்தி:
அக்கா சொன்னதற்குப் பழைய சாட்சி புறநானூற்று 80ஆம் பாட்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்துகிறான். ஒரு கால் மல்லனின் மார்பில், மறுகால் முதுகுப்புறம். பாடிய சாத்தந்தையாருக்கு என்ன ஆசை தெரியுமா? இதை அவன் தந்தை தித்தன் வந்து பார்க்கவேண்டும் என்பது. அந்த மல்லாட்டத்துக்கும் மற்போர் என்றுதான் பெயர். மைதானத்துக்குள் போர் என்ற சொல் வந்து இரண்டாயிரம் வருடம் ஆகிறது, தம்பி.

உப்புவெளியான்:
தித்தன் கதை மனதில் நிற்கிறது, சேர். போட்டி என்ற சொல்லை மாற்றச் சொல்லமாட்டேன். ஆனால் மகளுக்கு அதைப் போர் என்று விளக்கவும் மாட்டேன், அதில் மாற்றமில்லை. வெள்ளிக்கிழமை அஞ்சலோட்டத்தில் இரண்டாவதாகக் கோல் வாங்குவது அவள்தான். பின்னேரம் இரண்டு மணிக்கே போய் நின்றுவிடுவேன்.